காதுகுத்து வீட்டுக்குக் கொண்டுபோன கடிதம்

அன்று அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம், நடுக் கதிரையில் கட்சி அமைப்பாளர் ஐயா. அவருக்கு வலப்பக்கம் மாவட்டச் செயலாளர். இடப்பக்கம் கண்டியிலிருந்து வந்திருந்த லோயர். மேசையின் ஓரத்தில் மகளிர் அணித் தலைவி. ஜன்னலுக்குக் கீழே குறிப்பெடுக்க நஸ்ரின். மேசைக்கு இந்தப் பக்கம், தனியாகப் போட்ட கதிரையில் மெம்பரம்மா. கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு நான். மெம்பரம்மாவின் கணவரும் வந்திருந்தார். ஆனால் அவரை மேலே விடவில்லை. கீழே ஏலக்காய்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதனால் அவர் கணக்கில் இல்லை.

தட்டில் ஆறு கோப்பை இருந்தது. செயலாளர் ஐந்து என்றுதான் சொல்லியிருந்தார்.

யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்து வைப்பது என் வேலைகளில் ஒன்று. அதனால் மறக்கவில்லை. மறக்காததற்கு வேறு காரணமும் இருக்கிறது, அதைத்தான் எழுத வந்தேன்.

காரியாலயத்துக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருப்பதாக நஸ்ரின் போனில் சொன்னார். அன்று ஜன்னலடியில் குறிப்பெடுத்த அதே நஸ்ரின்தான் இப்போது காரியாலயத்தையே பார்த்துக்கொள்கிறார். "அண்ணன், நீங்க செஞ்ச வேலைய பத்தி இந்தப் புள்ளைகளுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், எழுதினால் பிழை வரும் என்றேன். பிழையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் சொன்னது எழுத்துப் பிழையை மட்டும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். காரியாலயத்தைப் பூட்டிவிட்டு மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்து, பூட்டினேனா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போன நாட்களே அதிகம். ஏலக்காய்க் கடை முதலாளி என்னைக் கண்டால், "இன்னைக்கு எத்தின தரம்?" என்று விரலைக் காட்டிக் கேட்பார்.

அப்போது நம் காரியாலயம் அவருடைய கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மரப் படிகள். கீழே கராம்பும் சாதிக்காயும் மிளகும் சாக்குச் சாக்காக இருக்கும். அந்த வாசம் பலகை இடுக்கு வழியாக மேலே வந்து அலுமாரிக்குள் புகுந்துகொள்ளும். கொழும்புக்கு நாம் அனுப்பிய கடிதங்களை அங்கே யாரோ மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாத்தளைக் கடதாசி வந்திருக்கு" என்பார்களாம். இப்போதைய கட்டடத்தில் ஓடு பதித்த தரை, ஏசி எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் போன மாதம் வந்தபோது, உள்ளே நுழைந்ததும் என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. நஸ்ரின் பார்த்துச் சிரித்தார். அவரும் முதல் நாள் அப்படிச் செய்தாராம்.

என் முக்கிய வேலை கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது. வெள்ளை உறை என்றால் கூட்ட அழைப்பு. நீளமான மண்ணிற உறை என்றால் விளக்கம் கேட்கும் கடிதம், கட்சி ஒருவர் மேல் கோபமாக இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையைத் தபாலிலும் போடலாம். மண்ணிறத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ஒப்பம் வாங்க வேண்டும். அதற்கென்று தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று என்னிடம் இருந்தது. தேதி, பெயர், என்ன கடிதம், ஒப்பம் என்று நான்கு கட்டங்கள்.

அந்தக் கொப்பியில் எனக்கு ஒரு பழக்கம். பஸ்ஸில் வைத்து எழுதினால் எழுத்து ஆடும், யார் வீட்டு வாசலிலாவது நின்று எழுதினால் கை நடுங்கும். படிக்காதவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று காரியாலய மேசையிலேயே உட்கார்ந்து, தேதி உட்பட மூன்று கட்டத்தையும் அழகாக நிரப்பிக்கொண்டுதான் புறப்படுவேன். ஒப்பக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். செயலாளருக்கும் அது பிடித்திருந்தது. "செல்வத்தோட கொப்பியப் பாருங்க, ஒரு வெட்டு இல்ல, ஒரு திருத்தல் இல்ல" என்று நாலு பேர் முன்னிலையில் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. வெட்டினால் பக்கத்தில் செயலாளரின் கையெழுத்து வேண்டும் என்பதும் சட்டம்.

இனி மெம்பரம்மா. பெயர் எழுதவில்லை, அவரிடம் கேட்கவில்லை. எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். பெண்களுக்கு இத்தனை இடம் என்று சட்டம் வந்தபோது, பட்டியலில் பெயர் போட ஆள் தேடிப் போனதில் கிடைத்தவர். பிரதேச சபையில் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்துத்தான் போட்டார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அவரும் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. சபைக்கு வரும் நாட்களில் நம் காரியாலயத்துக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, வரவுசெலவுப் புத்தகத்தை நஸ்ரினிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார். சிங்களத்தில் இருக்கும் பக்கங்களை நான் சொல்வேன். அந்த மத்தியானங்கள் நன்றாக இருக்கும். தோட்டத்திலிருந்து வெண்ணெய்ப்பழம் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நாங்கள் மூவரும் சீனி போட்டுப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே தெரு விளக்குக்கு எவ்வளவு, வடிகானுக்கு எவ்வளவு என்று பார்ப்போம். அரசியல் என்றால் இதுதான் என்று நான் நினைத்துக்கொண்ட காலம்.

அவருடைய தோட்டத்துக்கு மேலே ஒரு ஊற்று இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் இருக்கும் லயத்துக்கும் அதுதான் தண்ணீர், கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் அதுதான். வெயில் காலத்தில் குழாயை அவர்கள் வெட்டுவதும் இவர்கள் வெட்டுவதும் பொலிசுக்குப் போவதுமாக எத்தனையோ வருஷச் சண்டை. நம் கட்சியின் நிலைப்பாடு, ஊற்று நம் மக்கள் இருக்கும் மலையில் இருக்கிறது, ஆகவே முழு உரிமையும் நமக்கு என்பது. செயலாளர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு தரம் பங்கு போடுகிறோம் என்று சொல்லி நம்மவர்கள் ஏமாந்திருந்தார்கள். ஆனால் தேர்தல் வரை இது இப்படியே இருக்கட்டும் என்று அவர் போனில் யாருக்கோ சொன்னதையும் நான் கதவடியில் நின்று கேட்டேன்.

சபையில் ஒரு தீர்மானம் வந்தது. தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டி, பகலில் ஆறு மணித்தியாலம் லயத்துக்கு, ஆறு மணித்தியாலம் கிராமத்துக்கு. கொண்டுவந்தது எதிர்க்கட்சிக்காரர். எதிர்த்துக் கையுயர்த்தும்படி நம் உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. மெம்பரம்மா ஆதரித்துக் கையுயர்த்தினார். அவருடைய ஒரு கையில்தான் தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து அவர் காரியாலயத்துக்கு வந்தால் ஆட்கள் போன் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். கூட்டத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்று வாய்வார்த்தையாக ஒரு உத்தரவும் வந்தது. எழுத்தில் இல்லை. அப்படிப்பட்டவை ஒருபோதும் எழுத்தில் வருவதில்லை. பிறகு ஒருநாள் மண்ணிற உறை என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனால் ஆள் வீட்டில் இருப்பார் என்று, ஞாயிறு தேதியைப் போட்டு மூன்று கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு எல்கடுவ பஸ் ஏறினேன். இறங்கி மேலே நடக்கும்போதே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுக் கேட்டது. வளைவு திரும்பினால் லயத்து வாசலில் வாழை மரம் கட்டியிருக்கிறது. மெம்பரம்மாவின் சின்ன மகளுக்குக் காதுகுத்து. காரியாலயத்துக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை வந்ததையும், அதைச் செயலாளர் மேசை லாச்சிக்குள் போட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். நாள் என்ன என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் மெம்பரம்மா கண்டுவிட்டார். பட்டுச்சேலையில் ஓடி வந்தார்.

"வாங்கண்ணே. காரியாலயத்துலருந்து ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு இவரு சொன்னாரு. நான் சொன்னேன், செல்வண்ணன் வருவாருன்னு."

அவர் கணவர் சிரித்துக்கொண்டு, "பந்தயத்துல தோத்துட்டேன்ணே, ஒக்காருங்க" என்று கதிரை இழுத்துப் போட்டார்.

நான் உட்கார்ந்தேன். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அது அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது. கீழ்க் கிராமத்திலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள், முதல் தரம் லயத்து விசேஷத்துக்கு வந்தவர்கள். எங்கே உட்காருவது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்சிக்காரர் என்று ஒருவர்கூட இல்லை, என்னைத் தவிர.

சாப்பாட்டுப் பந்தியில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "என்னா தம்பி, பையில தங்கமா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் பையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மொய் படிக்கத் தொடங்கினார்கள். நம் தோட்டங்களில் தெரியும்தானே, மொய்க் கொப்பியில் எழுதுவதோடு ஒலிபெருக்கியிலும் பெயரைச் சொல்வார்கள். கிராமத்து ஆள் ஒருவருடைய பெயரைத் தடுமாறிப் படித்து, "ஐநூறு ரூபாவும் ஒரு பலாப்பழமும்" என்றார்கள், கைதட்டினார்கள். என் சட்டைப்பையில் பஸ் காசு மட்டும் இருந்தது. எப்படி எழும்பிப் போவது என்று நான் வழி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி சொன்னது:

"மாத்தளை கட்சிக் காரியாலயத்துலருந்து வந்திருக்கிற செல்வம் அண்ணன், ஆயிரம் ரூபா. செல்வம் அண்ணன், ஆயிரம் ரூபா."

நிமிர்ந்து பார்த்தேன். மொய் மேசைக்குப் பக்கத்தில் மெம்பரம்மா சின்னப் பர்சை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். பிறகு பாயாச வாளியோடு என் இலைக்கு வந்து, குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"பேசாம சாப்புடுங்கண்ணே. எங்க ஆளுங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு வெட்கம் வராமல் இருக்க மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. கட்சி அவரைக் கைவிட்டுவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக நான் போய் உட்கார்ந்திருந்தேன், மடியில் அவரை வெளியேற்றுவதற்கான முதல் கடிதத்தோடு.

கொடுக்க முடியவில்லை. வாழை கட்டிய வீட்டில் மண்ணிற உறையை நீட்ட என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்று நினைக்கிறேன். இதுவரைக்கும் நான் செய்ததில் தவறு இல்லை. தவறு அடுத்த நாள் காலையில்தான்.

செயலாளர் படியேறி வந்தார். "குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு சேர்."

காதுகுத்து வீடு சேர், கொடுக்கவில்லை சேர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், போகக் கூடாது என்ற வீட்டில் போய்ச் சாப்பிட்டேன் என்பது வரும். ஒலிபெருக்கியில் பெயர் சொன்னது வரும். என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்குக் காரியாலய வேலை என்று சொல்லித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இவ்வளவும் ஒரு நொடியில் மனசில் ஓடியது. பயந்தவனுக்குப் பொய் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை, அது தானாக வந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். மெம்பரம்மா வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார். நின்றபடி வாசித்தார். மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத பையில வச்சிக்கிட்டா அன்னைக்கு சாப்பிட்டீங்க?"

நான் கொப்பியை வெளியே எடுத்தேன். அவர் கடிதத்தை மடித்தார். "ஒப்பம் எங்க வைக்கணும்?" என்று கேட்டார். கொப்பியை விரித்துப் பிடித்தேன். அவர் ஒப்பம் வைக்கும்போது தேதிக் கட்டத்தின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. தெரிந்து வைத்தேனா, தெரியாமல் வைத்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்டில்லாத கொப்பி. ஏழு நாள்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். நான் கொண்டுபோனபோது உறை ஒட்டியிருந்தது. பெற்றுக்கொண்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பதில் தராவிட்டால், விளக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று உள்ளே எழுதியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

மெம்பரம்மா பத்தாவது நாள் பதில் கொண்டுவந்து கொடுத்தார். கொப்பியின்படி அது பதினேழாவது நாள்.

இப்போது மறுபடி அந்த அறைக்கு வருகிறேன். செயலாளர் எழும்பி, உறுப்பினர் உரிய காலத்தில் விளக்கம் தரவில்லை, ஆகவே கட்சி உறுப்புரிமையை நீக்க வேண்டியதுதான், பேச வேறொன்றும் இல்லை என்றார். கட்சியில் உறுப்புரிமை போனால் சபை ஆசனமும் போகும். மெம்பரம்மா, கடிதம் கிடைத்துப் பத்தாம் நாளே பதில் கொடுத்ததாகச் சொன்னார். செயலாளர் என் கொப்பியைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது ஒங்க ஒப்பம்தானே?"

"என்னோடதுதான் சேர்."

"பக்கத்துல தேதிய வாசிங்க."

அவர் குனிந்து பார்த்தார். அது அவருடைய மகளின் காதுகுத்துத் தேதி. எந்தத் தாய்க்கு மறக்கும்? நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தார். என் தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பிறகு செயலாளரைப் பார்த்து, "ஒப்பம் என்னோடதுதான் சேர்" என்று மறுபடி அதையே சொன்னார்.

அமைப்பாளர் ஐயா கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். அப்போது மகளிர் அணித் தலைவி கேட்டார். அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான்.

"அன்னைக்கு இவுங்க வீட்டுல விசேஷம். எனக்கும் பத்திரிகை வந்துச்சு. நான் போகல." என் பக்கம் திரும்பினார். "செல்வம், நீங்க போனீங்கதானே?"

"போனேன்க்கா."

"மொய் வச்சீங்களா?"

"என் பேர்ல மொய் விழுந்துச்சுக்கா."

"மொய் வச்ச வீட்டுல இந்தக் கடதாசியையும் குடுத்தீங்களா?"

செயலாளர் குறுக்கே வந்தார். "செல்வம், தட்ட வச்சிட்டு நீ வெளிய போ."

வெளியே போயிருக்கலாம். எனக்கு வழி காட்டப்பட்டுவிட்டது, கதவும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. தட்டை மேசையில் வைத்தேன். வைத்த பிறகு கை இரண்டும் வெறுமையாகிவிட்டது. அப்படி நின்றபோது பொய்க்கு இடம் இருக்கவில்லை.

"குடுக்கல. அடுத்த ஞாயித்துக்கெழமதான் குடுத்தேன். தேதி நான் முந்தியே எழுதி வச்சது."

"அப்போ திங்கக்கெழம காலையில என்கிட்ட சொன்னது?"

"பொய் சேர்."

நஸ்ரின் எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதலாமா என்பது போல லோயரைப் பார்த்தார். லோயர் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "எழுதுங்க மகள். எழுதாட்டி நாளைக்கு கோர்ட்டுல நமக்குத்தான் கரைச்சல்" என்றார். நியாயத்துக்காக அவர் சொன்னாரா, கரைச்சலுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. எழுதியாகிவிட்டது.

ஆகவே மெம்பரம்மாவின் பதிலை வாசிக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம்தான். வெயில் காலத்தில் லயத்துப் பெண்கள் வேலைக்குப் போகுமுன் தண்ணீருக்கு எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். சண்டை நடந்த வருஷங்களில் குழாய் வெட்டியதில் இரண்டு பக்கத்திலும் யார் யாருக்கு என்ன அடி விழுந்தது என்று எழுதியிருந்தார். கடைசியில், கட்சியை விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை என்று ஒரு வரி. அமைப்பாளர் ஐயா அதை இரண்டு தரம் வாசித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வெள்ளைத் தாள் ஒன்றை மெம்பரம்மா பக்கம் தள்ளினார்.

"கையுயர்த்தினது பிழை, மன்னிக்கணும்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. இதோட முடிச்சிக்கலாம்."

மெம்பரம்மா தாளைத் தொடவில்லை. "தண்ணி தொறந்தாச்சு ஐயா. நான் மன்னிப்புக் கேட்டா மூடவா போறோம்?"

அவரை வெளியே இருக்கச் சொன்னார்கள். முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் படியில் அவருக்குப் பின்னால் இறங்கிப் போனேன். ஏன் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன். இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஒங்க மேல அவ்ளோ பாசமெல்லாம் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சட்டைப்பையிலிருந்து ஆயிரம் ரூபா நோட்டை எடுத்து நீட்டினேன். அன்று காலையிலிருந்தே அதை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மொய்ய யாராச்சும் கையில திருப்பிக் குடுப்பாங்களா? எங்கள வேணாங்கிறீங்களா?"

கணவன் மனைவி இருவரும் பஸ் நிலையப் பக்கம் நடந்து போனார்கள். ஏலக்காய்க் கடை முதலாளி என்னைப் பார்த்தார், அன்று விரலைக் காட்டவில்லை.

என்னை வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று ஒரு மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தேன். நிறுத்தவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது காரணமாக இருக்கலாம். செயலாளர் எனக்குத் தந்த தண்டனை வேறு. உறுப்புரிமை நீக்கும் கடிதத்தை என்னையே கொண்டுபோகச் சொன்னார்.

போனேன். இந்த முறை நாலு கட்டமும் வெறுமையாக இருந்தது. கொப்பியையும் பேனாவையும் மெம்பரம்மாவிடமே கொடுத்தேன். தேதி, பெயர், என்ன கடிதம் எல்லாம் அவர் கையால் எழுதினார். "நேரமும் போடவா?" என்று கேட்டு அதையும் போட்டார். பிளேன்டீ தந்தார், குடித்தேன். மலையடியில் கிராமத்து ஆள் ஒருவர் வந்து தாங்கிக் குழாயைத் தங்கள் பக்கம் திருப்பினார். மணிக்கூட்டைப் பார்த்தேன், சரியாக அவர்களுடைய நேரம். மெம்பரம்மாவுக்குப் பதிலாகப் பிறகு சபைக்கு வந்தவரும் அந்த நேரத்தை மாற்றவில்லை.

ஆசனம் போனது. என் வாக்குமூலம் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவர் செய்ததற்காக அவரை வெளியேற்றினார்கள், அவருடைய பதிலை வாசித்துவிட்டு வெளியேற்றினார்கள். நான் வாயை மூடியிருந்தால் என் அழகான கையெழுத்துக்காக வெளியேற்றியிருப்பார்கள். இந்த வித்தியாசம் பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நித்திரை வருகிறது, அவ்வளவு பெரிது.

இப்போது நீங்கள் கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்களாம். இரண்டு நீலக் கோடு விழுந்தால் கிடைத்துவிட்டது என்று குறித்துக்கொள்கிறீர்களாம். செய்யுங்கள், காலம் அப்படி. ஆனால் அனுப்பும் முன் ஒரு போன் எடுத்து, "வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேளுங்கள். கட்சி யாரைத் தண்டிப்பது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் வேலை. அதில் நமக்குக் குரல் இல்லை. தேதி நம் வேலை. அதைப் பெற்றுக்கொள்கிறவர் கையாலேயே எழுத வையுங்கள். எழுதும்போது உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரியாலயத்தில் சொன்னால் பிரச்சினை வரும் என்று தோன்றினால், அன்றைக்கே, அந்தப் படியிலேயே வைத்துச் சொல்லிவிடுங்கள். ஒரு கிழமை போனால் அதற்கு வட்டி ஏறிவிடும்.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மெம்பரம்மாவுக்குப் பத்திரிகை கொடுக்க நானே போனேன். கட்சிக்காரர்களும் வருவார்கள் என்று சொன்னேன். "அவங்க வந்தா வரட்டும், எனக்கென்னா?" என்றார். மாத்தளையில் மண்டபம். அமைப்பாளர் ஐயா முன் வரிசையில் இருந்தார். மெம்பரம்மா கணவரோடும் காதில் தோடு போட்ட மகளோடும் வந்தார். ஐயா எழும்பித் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அவர் போய் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, பிள்ளையின் படிப்பைப் பற்றி இருக்கும்.

மொய் மேசையில் அவர் இரண்டாயிரம் ரூபா வைத்தார். நான் வைத்த ஆயிரத்துக்கு மேலே ஆயிரம் கூட்டித் திருப்பியிருக்கிறார் என்று, பக்கத்தில் நின்றவர்கள் மெச்சினார்கள். கொப்பிக் கணக்கு அப்படித்தான் சொல்லும். அந்த முதல் ஆயிரத்தை நான் வைக்கவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு விசேஷமும் வரவில்லை. மகள் படிக்கிறாள், நன்றாகப் படிக்கட்டும். கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். அந்தக் காசை அலுமாரியில் ஒரு வெள்ளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நித்திரைக்குப் போகுமுன் இருக்கிறதா என்று சில நாள் இரண்டு தரம் பார்க்கிறேன். மேலே கூட்டி வைக்க வேண்டிய முறைமை வேறு, அது அன்றைய நாளைப் பொறுத்தது. இன்றைய நிலவரப்படி மெம்பரம்மாவுக்கு நான் கொடுக்க வேண்டியது, அந்த முதல் ஆயிரமும் சேர்த்து, மூவாயிரம் ரூபா.